ஈர்க்குக் கிள்ளி அறுத்த கல்யாணம்

நான் சின்னவனாக இருந்தபோது பெங்களூர் மர்பி டவுனில் ஒரு கல்யாணத்தை அறுக்க ஒரு துடைப்பம் போதும். துடைப்பத்தால் அடித்து அல்ல. அதுவும் சில வீடுகளில் நடந்தது, அது வேறு கதை. எங்கள் ஆட்களில் புருஷனும் பெண்சாதியும் இனிமேல் சேர்ந்து வாழ முடியாது என்று ஆகிவிட்டால், தெருப் பெரியவர்கள் ஐந்து பேர் மாரியம்மன் கோயில் முன்னால் உட்காருவார்கள். இரண்டு பக்கத்தையும் கேட்பார்கள். முதல் நாள் சேர்த்து வைக்கப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் இன்னொரு நாள் கூடி, இரண்டு பேரையும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் துரும்பு கிள்ளச் சொல்வார்கள்.

ஊர்ப்பக்கம் அதற்கு வைக்கோல். பெங்களூரில் வைக்கோலுக்கு எங்கே போவது? கன்டோன்மென்டில் குதிரை லாயம் இருந்த காலத்தில் அங்கிருந்து எடுத்து வந்தார்களாம். லாயம் போன பிறகு, பக்கத்து வீட்டுத் தென்னந்துடைப்பத்தில் இருந்து ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டு வருவார்கள். ஈர்க்கு வைக்கோல் மாதிரி அல்ல. சட்டென்று ஒடியாது. வளையும், நார் நாராகப் பிரிந்து தொங்கும். இரண்டு பேரும் முறுக்கி இழுக்க வேண்டும். "இழு, இழு, கட்டும்போது இவ்ளோ கஷ்டப்படலியே" என்று யாராவது பின்னால் இருந்து சொல்வார்கள், கூட்டம் சிரிக்கும். சில சமயம் இழுக்கிற இரண்டு பேருமே சிரித்துவிடுவார்கள். அப்படிச் சிரித்து, ஈர்க்கைக் கீழே போட்டுவிட்டு, சேர்ந்தே வீட்டுக்குப் போன ஒரு ஜோடியை எனக்குத் தெரியும். ஒடிந்தால் முடிந்தது. அந்தப் பெண் தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவாள். பிறகு வேறு ஒருவன் தாலி கட்டுவான். அறுத்துக் கட்டுவது எங்களுக்குக் கேவலம் இல்லை.

என் மகளுக்கும் அப்படித்தான் அறுத்தோம்.

மாப்பிள்ளை கெட்டவன் இல்லை. லிங்கராஜபுரத்தில் டூவீலர் மெக்கானிக். கை நீட்டினதில்லை. குடிப்பான், ஆனால் குடித்தால் தூங்குவான். அவன் பேசமாட்டான், என் மகள் பேசாமல் இருக்கமாட்டாள். முதல் சில வருஷம் அதுவே பொருத்தமாக இருந்தது. பிறகு ஒரு குழந்தை பிறந்து, பேர் வைப்பதற்குள் போய்விட்டது. அதற்கப்புறம் அவளும் பேசுவதை நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் பேசாத வீட்டில் எப்படி இருப்பது? அவன் ராத்திரி ஷெட்டிலேயே படுக்க ஆரம்பித்தான். அவள் ஒரு நாள் பையோடு என் வீட்டுக்கு வந்தாள். அவள் அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். ஒன்றும் கேட்காமல் உலையில் இன்னொரு பிடி அரிசி போட்டாள்.

ஐந்து பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். ஈர்க்கு கிள்ளினார்கள். அந்த முறை யாரும் சிரிக்கவில்லை, குழந்தை போன வீடு என்று எல்லோருக்கும் தெரியும். அப்போதெல்லாம் பெரியவர்களுக்கு இன்னொரு பழக்கமும் வந்திருந்தது. ஈர்க்கு கிள்ளின கையோடு பத்திரத்தாளில் எழுதிக்கொள்வது. கோர்ட்டுப் பக்கம் மரத்தடியில் டைப் அடிக்கிற ஒருவர் உண்டு. 'இன்று முதல் இருவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளலாம்' என்று அடித்து, நோட்டரி கையெழுத்து வாங்கி, சிவப்பு சீல் குத்திக் கொடுத்தார். சிவப்பு சீலைப் பார்த்ததும் எங்களுக்கு ஈர்க்கைவிட அதன்மேல் நம்பிக்கை ஜாஸ்தி. என் மனைவி அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு வைத்தாள். அதற்குப் பின் சில வருஷத்தில் அவளும் போய்விட்டாள்.

மாப்பிள்ளை அந்தத் தாளை நம்பி வேறு ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். எங்களுக்குச் சொல்லி அனுப்பினான். நாங்கள் போகவில்லை, ஆனால் திட்டவும் இல்லை. அறுத்தாகிவிட்டதே.

என் மகள் ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். கரண்டு சாமானுக்குச் சின்னச் சின்ன பாகங்கள் பூட்டுகிற வேலை. விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வரும். அந்தக் கம்பெனியின் கேன்டீனைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் அதே பஸ்ஸில் ஏறுவார். மனைவியை இழந்தவர். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயதில் ஒரு பெண் குழந்தை. பஸ்ஸில் பேசிப் பேசி, மறுபடியும் என் மகளுக்குப் பேச்சு வந்தது. எனக்கு அது முதலில் பாத்திரம் கழுவுகிற சத்தத்தில்தான் தெரிந்தது. முன்னெல்லாம் சத்தமே இல்லாமல் கழுவுவாள். இப்போது கழுவிக்கொண்டே, "நைனா, இன்னைக்கு கேன்டீன்ல சாம்பார்ல உப்பே இல்ல, நான் போய் சண்டை போட்டேன்" என்பாள். எந்தச் சாம்பார், யாரோடு சண்டை என்று எனக்குத் தெரியாதா?

கேன்டீன்காரருடைய அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து பேசினாள். கண்டிப்பான பொம்பளை. கோயிலில் தாலி கட்டினால் மட்டும் பத்தாது, ரிஜிஸ்டர் ஆபீசிலும் எழுதிவிட வேண்டும் என்றாள். குழந்தைக்குப் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்றாள். எங்களுக்கும் அது சரியாகப்பட்டது. நாங்கள் எல்லோரும் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு விசாரிக்கப் போனோம். நான் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

முதல் கல்யாணம் அறுத்ததற்குக் காகிதம் இருக்கிறதா என்று அங்கே இருந்தவர் கேட்டார். என் மகள் பிளாஸ்டிக் கவரில் இருந்து பத்திரத்தாளை எடுத்து வைத்தாள். அவர் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், திரும்பக் கொடுத்தார்.

"இது நடெயல்லம்மா. கோர்ட் ஆர்டர் பேக்கு."

செல்லாது, கோர்ட்டு ஆர்டர் வேண்டும். பெங்களூரில் பிறந்த எனக்கு அந்தக் கன்னடம் புரியாமல் இல்லை. ஆனாலும் இன்னொரு தரம் கேட்டேன். அவர் இன்னொரு தரம் அதையே சொன்னார், கொஞ்சம் மெதுவாக.

வெளியே வந்ததும் கேன்டீன்காரருடைய அக்கா என் மகளைப் பார்த்துக் கேட்டாள்: "அப்போ நீ இன்னும் அவன் பொண்டாட்டிதானா?"

கேன்டீன்காரர்தான், "அக்கா, சும்னே இரு" என்று கன்னடம் கலந்து அடக்கினார். அவர் நல்ல மனிதர். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

நானும் மகளும் ஒரு வக்கீலம்மாவைப் பார்க்கப் போனோம். அவர் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. அவர் தமிழர்தான். மகாராஜா காலத்தில் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்து மல்லேஸ்வரம் பக்கம் தங்கிவிட்ட குடும்பம் என்று சொன்னார். நான் மல்லேஸ்வரத்தில் எத்தனையோ வீட்டுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறேன், அவர்கள் வீட்டுக்கும் அடித்திருப்பேன். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. பெயிண்ட் வேலைக்குப் போன இடத்தில் போர்டு எழுதுகிற ஒருவருக்கு டப்பா பிடித்துக்கொண்டே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவன். பெரிய எழுத்து என்றால் படிப்பேன். சின்ன எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு. அவர் மேஜை முழுக்க எறும்பாக இருந்தது.

"இது டைவர்ஸ் இல்லைங்க" என்றார். "ரெண்டு பேரும் பிரிஞ்சு இருக்கோம்னு எழுதி வெச்ச காகிதம். அவ்வளவுதான்."

"பெரியவங்க அஞ்சு பேர் கையெழுத்து போட்டிருக்காங்களேம்மா."

"அம்பது பேர் போட்டாலும் கோர்ட்டுதான் வெட்டணும்."

"துரும்பும் கிள்ளினோம்" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "உங்க ஜனத்துல அது பரம்பரையா இருக்கற வழக்கமா?"

"எங்க தாத்தா காலத்துல இருந்தும்மா. அவருக்கும் முன்னால."

"அப்போ அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு. ஆனா அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு நீங்கதான் நிரூபிக்கணும். தனியா கேஸ் போட்டு, சாட்சி கொண்டு வந்து, உங்க பெரியவங்க வந்து சொல்லி, அவங்களை எதிர்க்கேள்வி கேட்டு... வருஷக்கணக்குல போகும்."

எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. எங்கள் துடைப்பத்து ஈர்க்குக்குச் சட்டப் புத்தகத்தில் இடம் இருக்கிறதாமே. அன்று சாயங்காலமே பெரியவர்களைத் தேடிப் போனேன். ஐந்து பேரில் மூன்று பேர் செத்துப் போயிருந்தார்கள். ஒருவர் யாரையும் அடையாளம் தெரியாமல் படுக்கையில் இருந்தார். மிச்சம் ஒருவர். அவர் என்னைவிட மூத்தவர். அல்சூர் ஏரிப் பக்கம் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கோர்ட்டுக்கா?" என்றார். "நான் எத்தனை பேருக்கு கிள்ளி வெச்சிருக்கேன் தெரியுமாடா? அத்தனையும் தோண்டுவாங்க. அப்புறம் இந்தத் தெருவுல யாரு யாருக்கு பொண்டாட்டின்னு எவனுக்குத் தெரியும்? வேணாம்பா. உன் பொண்ணு ஒருத்திக்காகப் பார்த்தா ஒம்பது வீடு பேஜாராயிடும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் திரும்பிவிட்டேன்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. இரண்டு பேரும் சேர்ந்து கோர்ட்டில் எழுதிக் கேட்பது. "அதுதான் சீக்கிரம், அதுதான் செலவு கம்மி" என்று வக்கீலம்மா சொன்னார். ஒருமுறை கூப்பிட்டுக் கேட்பார்கள். சேர்ந்து வாழ முடியுமா என்று தனியாக உட்கார வைத்துப் பேசுவார்கள். பிறகு ஆறு மாதம் விட்டு மறுபடி கேட்பார்கள். ரொம்ப நாளாகப் பிரிந்திருக்கிறவர்களுக்கு அந்த ஆறு மாதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் அது ஜட்ஜ் மனசு, நம்பிக்கொண்டு இருக்காதீர்கள் என்றார். நடுவில் ஒருவர் மனம் மாறி வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அவ்வளவுதான், மொத்தமும் போயிற்று.

ஃபீஸில் பாதி இப்போது, பாதி ஆர்டர் வந்ததும். என் மகள் கல்யாணச் செலவுக்கு என்று கட்டி வந்த சீட்டை எடுத்தாள். கட்டுவதற்கு வைத்த பணம் அறுப்பதற்குப் போயிற்று.

அப்புறம் வக்கீலம்மா கேட்டார்: "அவர் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரா?"

"பண்ணிக்கிட்டார். ஒரு பொண் குழந்தை இருக்கு" என்றாள் என் மகள்.

வக்கீலம்மா அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். "முதல் கல்யாணம் அறுபடாம பண்ணின ரெண்டாவது கல்யாணம், சட்டப்படி கல்யாணமே இல்லை. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது, அதைப் பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. நீங்க புகார் கொடுக்கப் போறீங்களா?"

"ஐயோ, இல்லம்மா."

"அப்போ இதை முடிச்சுட்டு, அவங்க மறுபடி முறையா பண்ணிக்கட்டும்." பிறகு, வேண்டிய காகிதங்களைச் சொன்னார். ஆதார், வீட்டு விலாசம், அப்புறம் கல்யாணம் நடந்ததற்கு ஆதாரம். பத்திரிகை, இல்லாவிட்டால் ஒரு போட்டோ.

இருக்கிற கல்யாணத்தைத்தான் அறுக்க முடியும், அதனால் முதலில் அது இருந்தது என்று காட்ட வேண்டுமாம். எங்கள் வீட்டில் பத்திரிகை இல்லை. போட்டோ ஆல்பம் மாப்பிள்ளை வீட்டில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் லிங்கராஜபுரம் போனோம். சர்ச் விட்டு ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை எங்களைப் பார்த்ததும் எழுந்து லுங்கியை இறக்கிவிட்டான். அவனுடைய இரண்டாவது மனைவி சின்னப் பெண். வேறு ஏரியாவில் இருந்து வந்தவள். இடுப்பில் குழந்தையோடு நின்றாள். என் மகள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "சரி, எங்க வரணும்னு சொல்லு, வரேன்" என்றான். அவ்வளவுதான் அவன் பேச்சு.

அந்தப் பெண்தான் கேட்டாள். "அப்போ இத்தினி நாளா நான் யாரு?"

அவன் அவளைப் பார்த்தான். என் மகள் என்னைப் பார்த்தாள். நான் குழந்தையைப் பார்த்தேன்.

"சொல்லுங்க. கோயில்ல கட்டினாரு, ஜனம் பார்த்துச்சு, சோறு போட்டோம். இப்போ வந்து இவங்கதான் பொண்டாட்டின்னா, நான் யாரு? ஷெட்டுக்கு வந்து போற கிராக்கியா?"

"நானும் இப்போதாம்மா தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள் என் மகள். "எனக்கு மட்டும் ஆசையா? உனக்காகவும்தான் வந்திருக்கேன். இது முடிஞ்சா நீ ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம். எங்களுக்கு ஒரு போட்டோ வேணும், அவ்ளோதான்."

அந்தப் பெண் உள்ளே போனாள். ஸ்டூல் இழுக்கிற சத்தம் கேட்டது. பீரோவுக்கு மேலே இருந்து ஆல்பத்தை இறக்கிக்கொண்டு வந்தாள். மஞ்சள் துணியில் கட்டியிருந்தது. "இவரு தூக்கிப் போடலாம்னாரு. நான்தான் விடல. எல்லா போட்டோவுலயும் மாரியம்மா இருக்கா, எப்படிப் போடறது" என்றாள்.

எங்கள் மகளின் கல்யாணத்தை இத்தனை வருஷம் அவள் துணியில் கட்டி வைத்திருந்தாள். என் மனைவி அதில் சிவப்புப் புடவையில் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, ஆனால் அங்கே உட்கார்ந்து பார்க்க முடியுமா? தாலி கட்டுகிற போட்டோ ஒன்றை மட்டும் உருவிக்கொண்டோம். அப்புறம் அந்தப் பெண் எங்களுக்குக் காப்பி போட்டாள்.

கோர்ட்டில் முதல் நாள் அவளும் கூட வந்தாள். அவர்கள் இரண்டு பேரையும் தனியாக விட அவளுக்கு மனசில்லை. குடும்பக் கோர்ட்டு வராந்தா நம் கல்யாண மண்டபம் மாதிரி. பெஞ்சு முழுக்க இரண்டு பக்கத்து ஜனம், குழந்தைகள், டிபன் டப்பா. நாதஸ்வரம் ஒன்றுதான் குறைச்சல். என் மகளின் பேரையும் மாப்பிள்ளையின் பேரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். புருஷன் பெண்சாதி என்று கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அந்தப் பெண் எழுந்து, பிறகு உட்கார்ந்தாள்.

பிறகு சமரசம் பேசுகிற அறைக்கு அவர்களை அனுப்பினார்கள். அங்கே கதவைச் சாத்திவிட்டார்கள். ரொம்ப நேரம் ஆயிற்று. குழந்தை என் மடியில் தூங்கிவிட்டது. என் மகளுடைய புருஷனின் குழந்தை, எனக்கு அது என்ன முறை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஜனத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. இதற்கு எதுவும் தோன்றவில்லை. விழித்ததும் அதுவாகவே என்னைத் தாத்தா என்றது.

"உள்ள என்ன பேசுவாங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"சேர்ந்து வாழச் சொல்லுவாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் கொண்டு வந்த புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினேன். வேறு என்ன செய்வது? அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

வெளியே வந்தபோது என் மகளின் முகம் சிரிப்பதா வேண்டாமா என்று இருந்தது. வீட்டுக்கு வந்துதான் சொன்னாள். உள்ளே இருந்த மேடம் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்து ஆச்சரியப்பட்டார்களாம். இங்கே வருகிறவர்கள் கத்துவார்கள், நீங்கள் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்கிறீர்களே, இன்னொரு தரம் முயற்சி செய்யக்கூடாதா என்று கேட்டார்களாம். குழந்தை போனதையும் கேட்டார்களாம்.

"அவரு அழுதாரு நைனா" என்றாள். "கல்யாணம் ஆனதுல இருந்து அவரு அழுது நான் பார்த்ததில்ல. குழந்தை போனப்பக்கூட. இப்போ போய் அழறாரு. அன்னைக்கே அழுதிருந்தா இந்த ஆபீசுக்கே வந்திருக்க மாட்டோமே."

சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அன்றைக்குச் சத்தம் கேட்கவில்லை.

ஆறு மாதத்தைக் குறைக்கச் சொல்லி வக்கீலம்மா கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. கோர்ட்டுக்கு லீவு, ஜட்ஜுக்கு மாற்றல் என்று ஆறு மாதத்துக்கு மேலும் இழுத்தது. ஒவ்வொரு தடவை போனாலும் என் மகளுக்கு ஒரு நாள் சம்பளம் போகும், லீவே போடாதவர்களுக்குக் கொடுக்கிற இனாமும் சேர்ந்து போகும். செலவு என்றால் வக்கீல் ஃபீஸ் என்று நினைத்திருந்தேன். ஃபீஸ் அதில் ஒரு பாகம்தான்.

அந்த நடுவில் ஒரு நாள் கேன்டீன்காரர் வீட்டுக்கு வந்தார். குழந்தையையும் கூட்டி வந்திருந்தார். என் மகள் அதற்குத் தலை பின்னிவிட்டாள். அவர் டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் குடிக்காமல் இருந்தார்.

"எப்போ முடியும்னு ஏதாவது சொன்னாங்களா, பெரியவரே?"

"ஆறு மாசம்னாங்க. இப்போ அதுக்கு மேலயும் போவுது."

"பள்ளிக்கூடம் திறந்துடும். இவளைக் காலையில யாரு கிளப்புவாங்கன்னு அக்கா தினமும் கேக்குது. அக்காவும் எத்தினி நாள்தான் எங்க வீட்லயே இருக்கும்? அதுக்கும் குடும்பம் இருக்கு."

"கோர்ட்டு காகிதம் இல்லாம கோயில்ல கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டேன். கேட்கும்போதே அது நடக்காது என்று எனக்குத் தெரியும்.

என் மகள் பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். "வேணாம் நைனா" என்றாள். "அந்தப் பொண்ணு கேட்ட மாதிரி நாளைக்கு நானும் ஒருத்தர் வீட்டு வாசல்ல நின்னு கேக்கணுமா?"

அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். குழந்தை ரிப்பனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போயிற்று.

அதற்குப் பின் கொஞ்ச நாளில் என் மகள் காலையில் நேரம் கழித்து எழுந்தாள். பஸ் போயிடுமே என்றேன். "ஷிஃப்ட் மாத்திக்கிட்டேன். இனிமே ரெண்டாவது பஸ்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஓசூர்ப் பக்கம் அக்காவே கேன்டீன்காரருக்கு ஒரு பெண்ணைப் பார்த்து முடித்துவிட்டாள் என்று வேறு ஆள் மூலமாக எனக்குத் தெரிந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. பள்ளிக்கூடம் யாருக்காகவும் காத்திருக்காது.

கோர்ட்டில் கடைசி நாள் நெருங்கியது. இனி எதற்கு அந்த ஆர்டர் என்று எனக்குத் தோன்றியது. மிச்ச ஃபீஸாவது மிச்சமாகும். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்த வாரம் லிங்கராஜபுரத்துப் பெண் வீடு தேடி வந்தாள். கேன்டீன்காரர் விஷயம் எப்படியோ அவள் காதுக்கும் போயிருக்கிறது. ஒரு டஜன் வாழைப்பழமும் பூவும் வாங்கி வந்திருந்தாள். மறுபடி மாசமாக இருந்தாள். உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, நீங்க வருவீங்கல்ல?"

"உக்காரு முதல்ல."

"இல்லக்கா, சொல்லுங்க. உங்களுக்கு இனிமே அவசரம் இல்லன்னு சொன்னாங்க. நீங்க வரலன்னா நான்..." வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

என் மகள் அவள் கையில் இருந்த பூவை வாங்கி, இரண்டாகக் கிள்ளி, பாதியை அவள் தலையில் வைத்துவிட்டாள். "பூ வாங்கிட்டு வந்துதான் கேக்கணுமா? வரேன்னு சொன்னேன், வருவேன். போ, பஸ்ல கூட்டமாயிடும்."

மிச்சப் பூவை ஆணியில் மாட்டினாள். அது அங்கேயே வாடிற்று.

கடைசி நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்தது. நானும் உள்ளே போய் ஒரு ஓரமாக நின்றேன். ஜட்ஜம்மா தலையைத் தூக்கிக் கன்னடத்தில் கேட்டார்கள், இரண்டு பேருக்கும் சம்மதமா, யாரும் வற்புறுத்தவில்லையே என்று. மாப்பிள்ளை சம்மதம் என்றான். என் மகளும் சம்மதம் என்றாள். டைப் அடிக்கிற சத்தம். அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள். எங்கள் தெருவில் ஈர்க்கை முறுக்கி முறுக்கி இழுத்த ஜோடிகள் ஞாபகம் வந்தார்கள். கை வலிக்கும், அப்புறம் டப்பென்று ஒடிவது காதில் விழும். இங்கே எந்த நிமிஷம் ஒடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்த பிறகு வக்கீலம்மாதான் சொன்னார், முடிந்துவிட்டது என்று.

மாப்பிள்ளை என் எதிரில் வந்து நின்றான். இனி என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவனுக்கும் தெரியவில்லை. "வரேன் மாமா" என்றான் கடைசியில். "போய்ட்டு வாப்பா" என்றேன்.

ஆர்டர் கைக்கு வர இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. வக்கீலம்மா ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். என் மகள் வீட்டில் உட்கார்ந்து படித்துப் பார்த்தாள். இங்கிலீஷ் அவளுக்கு மெதுவாக வரும்.

"இதுலயும் இன்னாருடைய மனைவின்னுதான் என் பேர் போட்டிருக்கு நைனா."

"அறுத்தாச்சுன்னு போட்டிருக்கா?"

"கீழ போட்டிருக்கு."

"அப்போ சரி."

அந்தப் பத்திரத்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆர்டரை அதே பிளாஸ்டிக் கவரில் வைத்தாள்.

லிங்கராஜபுரத்துப் பெண் ரிஜிஸ்டர் பண்ணிக்கொண்டு மைசூர்பாக்கு டப்பா கொடுத்து அனுப்பினாள். என் மகள் ஒரு துண்டை நின்றபடியே சாப்பிட்டாள். மிச்சத்தை அக்கம்பக்கம் கொடுக்கச் சொன்னாள்.

போன வாரம் கம்பெனியில் இருந்து வந்து என்னுடைய ஆதார் கார்டைக் கேட்டாள். எதற்கு என்றேன். வேலையில் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பி.எஃப். பணம் யாருக்குப் போக வேண்டும் என்று ஒரு பேர் கொடுத்திருக்க வேண்டுமாம். சேரும்போது ஆதாரில் இருந்த பழைய ஆளின் பேரையே அவர்களாக எழுதிக்கொண்டார்களாம், அப்புறம் யாரும் அதைக் கேட்கவே இல்லையாம். இப்போது ஆர்டரைக் காட்டி அதை எடுத்துவிட்டாள்.

"வேற பேர் குடுங்கன்னாங்க. உன் பேரைக் குடுத்தேன்" என்றாள்.

"என் பேரா? எனக்கு என்ன வயசு தெரியுமா? எனக்கப்புறம்?"

"கம்பெனி ஆபீஸ் மேடமும் அதேதான் கேட்டாங்க. சின்ன வயசு ஆள் யாரும் இல்லையான்னு."

"நீ என்ன சொன்ன?"

"இப்போதைக்கு இது இருக்கட்டும்னேன்."

டிரங்குப் பெட்டியில் இருந்து கார்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு, இரண்டாவது பஸ்ஸுக்கு அலாரம் வைத்தாள்.